வேலைத் தளத்தில் சொந்தக் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிங்க்ட்இன் போன்ற, வேலை தொடர்பான இணையத் தளங்களுக்காகத் தங்கள் அனுபவம் ஒன்றை எழுதிவிட்டு, "போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டு எனக்கு அனுப்பிவைப்பவர்கள் பலர். நீண்ட காலம் ஆள்சேர்ப்புப் பணியில் இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு பதிவைப் படித்துவிட்டு, எழுதியவரை நேர்காணலுக்கு அழைப்பதா விடுவதா என்று முடிவெடுத்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதக் கூடாத ஒன்றை எழுதியும் இருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வேலைக்கான தளத்தில் சொந்தக் கதைக்கு என்ன இடம்?

2003 மே 5 அன்று லிங்க்ட்இன் தொடங்கியபோது அது ஏறக்குறைய ஒரு முகவரிப் புத்தகம். யார் எங்கே வேலை செய்கிறார், யாருக்கு யாரைத் தெரியும் என்று பார்க்கத்தான் அங்கே போனார்கள். 2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2,620 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தது. 2023 இறுதியில் உறுப்பினர் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டிவிட்டது. அத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் பதவிப் பெயரை மட்டும் வைத்து ஒருவரை அடையாளம் காண முடியாது. "திட்ட மேலாளர், எட்டு ஆண்டு அனுபவம்" என்ற வரி ஆயிரக்கணக்கானோருக்குப் பொருந்தும். ஒரு திட்டம் முறிந்துபோகும் நிலையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

இன்னொரு காரணமும் உண்டு. வேலை பெரும்பாலும் நெருங்கிய நண்பர்கள் வழியாக வருவதில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் "அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டதன் முடிவைக் கொடுத்திருக்கிறார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேர் அளவுதான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 56 பேர், அரிதாகவே பார்ப்பவர் என்றவர்கள் 28 பேர். லிங்க்ட்இன் உறுப்பினர்கள் 2 கோடிப் பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2022இல் வெளியான ஆய்வும், ஓரளவு தளர்வான அறிமுகங்களே புதிய வேலைக்கு அதிகம் உதவுகின்றன என்று காட்டியது. எப்போதோ ஒரு கூட்டத்தில் சந்தித்தவருக்கு உங்கள் நினைவு வர வேண்டுமானால், அவர் மனத்தில் தங்கும்படி ஏதாவது அவர் கண்ணில் பட வேண்டும். ஒரு நல்ல அனுபவக் குறிப்பு அந்த வேலையைச் செய்யும்.

எந்தக் கதை என்னுடையது? எதை எழுத எனக்கு உரிமை இருக்கிறது?

என்னைக் கேட்டால் மற்ற கேள்விகளை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். தேர்வாகாத விண்ணப்பதாரர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலை, குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அத்தனை முகவரிகளும் எல்லோருக்கும் தெரியும்படி அனுப்பிவிட்டார். யார் யார் நிராகரிக்கப்பட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. அன்று மாலை முழுவதும் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு வாரம் கழித்து அதைப் பதிவாக எழுதினேன். புதியவர் ஒருவர் பிழை செய்தார், நான் அவரைத் திட்டவில்லை, பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்ந்தே சரிசெய்தோம் என்று எழுதினேன். பெயர் போடவில்லை. பாராட்டுகள் குவிந்தன. "உங்களைப் போன்ற மேலாளர் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்" என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞர் அழைத்தார். கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் அந்தப் பதிவை அவருக்கு அனுப்பி, "இது நீதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நீங்கள் என்னைத் திட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், மேடம். திட்டியிருந்தால் நான்கு சுவருக்குள் முடிந்திருக்கும்."

பதிவை உடனே நீக்கினேன். அதற்குப் பிறகுதான் இன்னொன்று உறைத்தது. மின்னஞ்சலை அனுப்பும் முன் ஒரு முறை பார்த்துத் தரும்படி அவர் என்னிடம் கொண்டுவந்திருந்தார். நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அனுப்பிவிடுங்கள்" என்றேன். என் பதிவில் அந்த வரி இல்லவே இல்லை. அவருடைய பிழையை எழுதி எனக்கு நல்ல பெயர் தேடிக்கொண்டேன். எனக்குச் சொந்தமான பிழையை விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வரைவிலும் ஒரு வேலை செய்கிறேன். கதையில் வரும் ஆட்கள் ஒவ்வொருவரையும் வட்டமிட்டு, "இவர் இந்தத் தளத்தில் எனக்குப் பதில் எழுத முடியுமா?" என்று கேட்கிறேன். மேலதிகாரியால் முடியலாம். கீழே வேலை செய்பவரால் முடியாது. வாடிக்கையாளரால் முடியாது. நோயாளியாலும் மாணவராலும் முடியாது. பதில் எழுத முடியாதவர் இருந்தால் அவரிடம் வரைவைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அவரை எடுத்துவிட்டு எழுத வேண்டும். அவரை எடுத்ததும் கதையே நிற்கவில்லை என்றால் அது உங்கள் கதை அல்ல.

பெயரையும் நிறுவனத்தையும் மறைத்துவிட்டால் போதாதா?

போதாது. மற்ற இடங்களில் எழுதுவதற்கும் இங்கே எழுதுவதற்கும் உள்ள பெரிய வேறுபாடே இதுதான். "முன்பு ஒரு நிறுவனத்தில் இருந்தபோது" என்று நீங்கள் எழுதும் வரிக்குப் பக்கத்திலேயே உங்கள் பெயர் இருக்கிறது. அதைத் தட்டினால் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எங்கே இருந்தீர்கள், என்ன பதவி என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். அதே நிறுவனத்தில் இருந்தவர்களையும் அந்தத் தளத்திலேயே தேடி எடுக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போன்ற வேலை அது.

அடையாளத்தை உண்மையிலேயே மறைக்க வேண்டுமானால் காலத்தையும் பதவியையும் சேர்த்து மங்கலாக்க வேண்டும். "என் முதல் மேலாளர்" என்றால் ஒரே ஒருவர்தான். "நான் பார்த்த மேலாளர்களில் ஒருவர்" என்றால் பலர். அப்படி மங்கலாக்கியும் சம்பந்தப்பட்டவர் தன்னைக் கண்டுகொள்வார் என்பதை மனத்தில் வைத்தே எழுதுங்கள்.

தோல்வியைச் சொன்னால் என் மதிப்பு குறையுமா?

யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் 1966இல் செய்த சோதனை ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வினாடி வினாப் போட்டிக்கு வருபவர் ஒருவரின் ஒலிப்பதிவை மாணவர்களிடம் போட்டுக் காட்டினார்கள். ஒரு பதிவில் அவர் 92 விழுக்காடு கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்கிறார். இன்னொன்றில் 30 விழுக்காடுதான். இரண்டிலும் சிலருக்கு மட்டும், கடைசியில் அவர் காபியைத் தன் மேலேயே கொட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும். கெட்டிக்காரர் கொட்டிக்கொண்டபோது கேட்டவர்களுக்கு அவரை முன்னைவிட அதிகம் பிடித்தது. மற்றவர் கொட்டிக்கொண்டபோது அவர்மேல் இருந்த விருப்பம் இன்னும் குறைந்தது.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்று நாம் சொல்வதில் இருக்கும் நுட்பமும் அதுதான். அது யானை என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே வேலையில் கால் வைத்து ஆறு மாதமே ஆனவர்களிடம் நான் சொல்வது: முதலில் நீங்கள் செய்து முடித்ததைப் பற்றி நான்கைந்து முறை எழுதுங்கள், சறுக்கியதைப் பிறகு எழுதலாம். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. பெரிய பதவியில் இருப்பவர் தன் தோல்வியைச் சொன்னால் துணிச்சல் என்கிறார்கள், புதியவர் சொன்னால் தகுதிக் குறைவு என்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வேலை தேடும் ஒருவரிடம் இப்படி எதுவும் இல்லை என்று நான் சொல்ல முடியாது.

வேலை போய்விட்டது. இன்றே எழுதலாமா?

அறிவிப்பை இன்றே எழுதலாம். கதையை இன்று எழுதாதீர்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பிறகு வருந்துகிறார்கள்.

அறிவிப்பு என்பது உங்களுக்கு உதவ நினைப்பவர்களின் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுப்பது. என்ன வேலை செய்தீர்கள், என்ன வேலை தேடுகிறீர்கள், எப்போது சேர முடியும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்தது இப்படி இருந்தது: "என் பணி இந்த வெள்ளிக்கிழமையுடன் முடிகிறது. ஆறு ஆண்டுகள் கிடங்குச் சரக்குக் கணக்கைப் பார்த்துவந்தேன். மூன்று நாள் எடுத்த மாத இறுதிக் கணக்கை ஒரே நாளில் முடிக்க வழி செய்ததுதான் அங்கே நான் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. அடுத்த மாதம் 10ஆம் தேதி முதல் சேர முடியும். சரக்குக் கணக்கு, கிடங்கு மேலாண்மை சார்ந்த இடம் ஏதாவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்." இதைப் படிப்பவருக்கு யாரிடம் உங்களைப் பற்றிப் பேசலாம் என்று உடனே தோன்றும். "பத்து நிமிட அழைப்பில் என் வாழ்க்கையே கவிழ்ந்தது" என்று தொடங்கும் பதிவைப் படிப்பவருக்கு இரக்கம் வரும். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது.

எழுதும் முன் இன்னொன்று. பணிநீக்க இழப்பீட்டுக்காக நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் வரும்படி எதுவும் பேசக் கூடாது என்ற பிரிவு அதில் இருக்கலாம். கோபத்தில் எழுதிய ஒரு பத்திக்காக இழப்பீட்டுத் தொகையைப் பணயம் வைக்க வேண்டாம்.

இன்னும் வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வேலைக்குத் தயார் என்று காட்டும் லிங்க்ட்இன் வசதியில் இரண்டு வழிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். ஆள்சேர்ப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் வளையம் வராது. இரண்டாவதிலும் உங்கள் நிறுவனத்தின் ஆள்சேர்ப்பவர்களிடமிருந்து மறைக்க முயல்வதாகத்தான் அந்தத் தளம் சொல்கிறது. முழு உத்தரவாதம் தருவதில்லை.

அழுகிற படத்தைப் போடலாமா?

2022 ஆகஸ்டில் ஒரு சிறு நிறுவனத்தின் தலைவர், ஊழியர்கள் சிலரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, கண்ணீரோடு தன்னைத் தானே எடுத்த படத்தை லிங்க்ட்இனில் போட்டார். அது உலகம் முழுவதும் பரவியது, கடும் கோபத்தைக் கிளப்பியது. அவருடைய கண்ணீர் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போய்க் குடும்பத்திடம் செய்தி சொல்ல வேண்டியிருந்தவர்கள் வேறு சிலர். அந்தப் படத்தில் அவர்கள் இல்லை. முடிவெடுத்தவரின் துயரம் முடிவைச் சுமந்தவர்களின் துயரத்தை மறைத்துவிட்டது.

அதிகாரம் உள்ள இடத்தில் இருப்பவர் அந்த நாளில் எழுத வேண்டியது தன்னைப் பற்றி அல்ல. வேலை இழந்தவர்கள் சம்மதித்தால், அவர்கள் ஒவ்வொருவரும் எதில் கெட்டிக்காரர் என்று எழுதி, அவர்களைத் தேடி வருபவர்களிடம் தானே பேசத் தயார் என்று சொல்லலாம். அதனால் ஒருவருக்காவது வேலை கிடைக்கும்.

நோய், மனச்சோர்வு, இழப்பு, மணமுறிவு போன்றவற்றை எழுதலாமா?

எழுதியவர்களால் பலருக்கு ஆறுதல் கிடைத்திருக்கிறது. தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தவருக்கு, தன் துறையிலேயே ஒருவர் அதைத் தாண்டி வந்திருக்கிறார் என்று தெரிவது சிறிய விஷயம் அல்ல. அதனால் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆள்சேர்ப்பு அறையில் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். உடல்நலம் பற்றியும் குடும்பம் பற்றியும் நேர்காணலில் கேட்கக் கூடாது என்று பல நாடுகளில் சட்டமோ நெறிமுறையோ இருக்கிறது. கேட்காமலே தெரிந்துவிட்டால்? அந்தத் தகவலை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, தாளில் எழுதுவதும் இல்லை. "இந்தப் பணிக்கு அழுத்தம் அதிகம், இவருக்குச் சரிப்படுமா?" என்று ஒரு கேள்வி மட்டும் எங்கிருந்தோ எழும். ஒரு முறை நானே அப்படிக் கேட்டிருக்கிறேன். ஆகவே வேலை தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னும் நடந்துகொண்டிருக்கும் நோயைப் பற்றி எழுதுவதற்கு முன், நெருக்கமான இருவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். நிலையான வேலையில், நம்பிக்கையான மேலதிகாரியின் கீழ் இருப்பவருக்கு இந்தத் தடை அவ்வளவு இல்லை.

வேலையில் விழுந்த இடைவெளியை விளக்குவது மட்டுமே நோக்கம் என்றால் கதை தேவையே இல்லை. 2022 மார்ச்சில் லிங்க்ட்இன், சுயவிவரப் பக்கத்திலேயே பணி இடைவெளியைக் குறிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. குடும்பத்தாரைப் பார்த்துக்கொண்டது, உடல்நலம், துக்கம், முழுநேரப் பிள்ளை வளர்ப்பு என்று வகை இருக்கிறது. ஒரு வரியில் முடிந்துவிடும்.

மனப் பாரத்தை இறக்கி வைக்கத்தான் எழுதுகிறேன். அது தவறா?

தவறில்லை. ஆனால் அதைச் செய்ய இன்னும் நல்ல இடம் இருக்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. அடுத்து வந்த மாதங்களிலோ, நடந்ததையும் அதைப் பற்றித் தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. அவர்கள் எழுதியதை ஊர் படிக்கவில்லை, யாரும் விருப்பக்குறி போடவில்லை. நன்மை எழுதியதிலிருந்தே வந்தது.

அந்த நான்கு நாளை முதலில் உங்களுக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவுடன் வரும் அந்த மோசமான மனநிலையில் கருத்துப் பெட்டியைத் திறந்து வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

எழுதுவதற்கு நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வரைவை உங்கள்மேல் அன்பில்லாத ஒருவர் படிப்பதாக நினைத்து, அவர் எழுதக்கூடிய மிக மோசமான கருத்தை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "எல்லாம் அனுதாபம் தேடும் வேலை" என்றோ "தப்பு உன் பேரில்தான்" என்றோ இருக்கும். அதைப் படித்துவிட்டு அன்று நிம்மதியாகத் தூங்க முடிந்தால் போடலாம். முடியாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஆறப்போடுங்கள்.

எப்படி எழுதினால் நன்றாக இருக்கும்?

லிங்க்ட்இன் பதிவுக்கு உச்ச அளவு 3,000 குறியீடுகள். தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது: யூனிகோடில் "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறியீடுகள். மெய்யின் புள்ளிக்கும் உயிர்மெய்யின் கொம்புக்கும் தனித்தனிக் கணக்கு. ஆகவே நாம் நினைப்பதைவிட முன்பே இடம் தீர்ந்துவிடும். தொடக்கத்தில் இரண்டு மூன்று வரிகள் மட்டுமே தெரியும், மீதியைத் தட்டித்தான் திறக்க வேண்டும். அந்த இரண்டு வரிக்காகத்தான் பலர் முதல் வரியிலேயே குண்டு வீசுகிறார்கள். வேண்டாம். ஒரு காட்சியோடு தொடங்கினால் போதும், படிப்பவர் தானாக உள்ளே வருவார்.

எனக்கு வந்த வரைவு ஒன்றைப் பாருங்கள். எழுதியவரின் சம்மதத்தோடு சில விவரங்களை மாற்றித் தருகிறேன்.

"நான் உடைந்துபோனேன்.
ஆம், உடைந்தேதான் போனேன்.
ஆனால் எழுந்தேன்.
ஏன் தெரியுமா?
விடாமுயற்சி ஒருபோதும் தோற்காது."

இதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். என்ன நடந்தது என்று அவரைக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். வந்தது இது:

"மூன்றாவது சுற்று நேர்காணலில் ஒரு கணக்குத் தாளைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். எட்டு ஆண்டுகளாக அதே வேலையைச் செய்பவன் நான். 14ஆம் வரியில் இருந்த கூட்டல் பிழையைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழகிய கண் எண்ணைப் படிப்பதில்லை, எதிர்பார்த்ததைப் படிக்கிறது என்று அன்று புரிந்தது. இப்போது எந்தத் தாளையும் இரண்டாவது முறை கீழிருந்து மேலாகப் படிக்கிறேன்."

இரண்டாவதில் உடைந்தேன் என்ற சொல்லே இல்லை. ஆனால் அந்த வலி படிப்பவருக்குத் தெரிகிறது. அவர் கணக்குத் தாளை இனி எப்படிப் பார்ப்பார் என்பதும் தெரிகிறது. ஆள்சேர்ப்பவளாக இருந்திருந்தால் இவரை நான் அழைத்திருப்பேன். வரிக்கு வரி இடைவெளி விட்டு எழுதும் பழக்கத்தையும் கைவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல பத்தியை யாரும் கண்டு அஞ்சுவதில்லை.

கொஞ்சம் மெருகேற்றலாமா? உரையாடலைச் சற்றே மாற்றினால் கதை நன்றாக வருகிறது.

கூடாது. அந்த அறையில் உங்களோடு இருந்தவர் இந்தத் தளத்தில் இருக்கிறார்.

செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொல்லலாமா?

பிழை திருத்தவும், நீண்டதைச் சுருக்கவும் தயங்காமல் பயன்படுத்துங்கள். கதையையே எழுதச் சொன்னால் ஒரு விபரீதம் நடக்கிறது. நீங்கள் கற்காத பாடத்தை அது கற்றதாக எழுதிவிடும். வேலை போன கதையைக் கொடுத்தால், "இந்த அனுபவம் எனக்குத் தாங்கும் திறனைக் கற்றுத் தந்தது" என்று முடித்துக் கொடுக்கும். உங்களுக்கு அது அச்சத்தை மட்டுமே தந்திருக்கலாம். நேர்காணலில், "தாங்கும் திறன் என்று எழுதியிருந்தீர்களே, கொஞ்சம் விளக்குங்கள்" என்று கேட்டால் அதற்குப் பின்னால் சொல்ல ஒன்றும் இருக்காது. இப்படித் திணறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும்.

பிள்ளைகளைப் பற்றி எழுதலாமா?

அவர்கள் வளர்ந்து வேலை தேடும் நாளில் அந்தப் பதிவும் தேடினால் கிடைக்கும். பெயர், படம், பள்ளி, நோய் எதுவும் வேண்டாம். பெற்றோராக நீங்கள் பட்டதை மட்டும் எழுதுங்கள்.

மனம் திறந்து எழுதினேன். ஏழு பேர்தான் விருப்பக்குறி போட்டார்கள். வீணா?

இல்லை. விருப்பக்குறி போட்டால் அது தன் இணைப்பில் உள்ளவர்களுக்கும் தெரியலாம் என்பதால், பலர் வேண்டுமென்றே போடாமல் விடுகிறார்கள். பணிநீக்கம், மனச்சோர்வு போன்றவற்றில் இது இன்னும் அதிகம். ஆள்சேர்ப்பில் இருந்த காலமெல்லாம் நான் படித்த பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்தக் குறியும் போட்டதில்லை. ஒருவர் எழுதிய சிறு குறிப்பைப் படித்து, பெயரைக் குறித்து வைத்து, எட்டு மாதம் கழித்து இடம் காலியானபோது அழைத்திருக்கிறேன். அதற்குள் அவர் அந்தப் பதிவை மறந்தே போயிருந்தார்.

மேலும் 2023இல் லிங்க்ட்இன், அறிவும் ஆலோசனையும் உள்ள பதிவுகளை அதிகம் காட்டும்படி தன் முறையை மாற்றியதாக அறிவித்தது. மனம் உருக எழுதிய ஒன்று முன்போலப் பரவாததற்கு நீங்கள் காரணமாக இல்லாமலும் இருக்கலாம்.

கருத்துப் பெட்டியில் கடுமையாக எழுதுகிறார்கள். பதில் சொல்ல வேண்டுமா?

ஒரு முறை சொல்லலாம், தகவல் தவறாக இருந்தால். அதற்கு மேல் வேண்டாம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிலும் அந்தச் சண்டையை இன்னும் பலர் கண்ணில் கொண்டுபோய் நிறுத்தும். யார் கருத்து எழுதலாம் என்பதை எல்லோரும், இணைப்பில் உள்ளவர்கள் மட்டும், யாருமில்லை என்று மாற்ற முடியும். நோயோ இழப்போ பற்றி எழுதும்போது தொடக்கத்திலேயே இணைப்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைத்துவிடுங்கள்.

பிறகு வேண்டாம் என்று தோன்றினால் நீக்கிவிடலாம்தானே?

தளத்திலிருந்து நீக்கலாம். யாரோ ஒருவர் எடுத்து வைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட்டை நீக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளின் 17ஆம் பிரிவு, தன் தகவலை அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையைத் தருகிறது. அது நிறுவனங்களிடம் செல்லும். உங்கள் பழைய சக ஊழியரின் கைப்பேசியில் செல்லாது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

என் கீழ் வேலை செய்பவர் தன் கஷ்டத்தை அங்கே எழுதியிருக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் அவரை நேரில் பாருங்கள், அல்லது அழைத்துப் பேசுங்கள். பேசும் முன் பொதுவில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். நீங்கள் எழுதும் ஆறுதல் வரிகூட அவருக்கு மேற்பார்வை போலத் தோன்றும். "பதிவைப் படித்தேன், வேலையில் எதையாவது மாற்றினால் உதவியாக இருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். "என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாமே" என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களிடம் சொல்ல முடியாமல் ஏன் போனது என்பதை அவர் விளக்க வேண்டியதில்லை, நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

மற்றவர்களின் பதிவுக்கு என்ன எழுதுவது? "தைரியமாக இருங்கள்" என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

உங்களால் செய்ய முடிந்த ஒன்றைத் தேதியோடு எழுதுங்கள். "புதன்கிழமை மாலை அரை மணி நேரம் ஒதுக்குகிறேன், உங்கள் விண்ணப்பத்தைச் சேர்ந்து பார்ப்போம்" என்பது போல. அப்படி எதுவும் செய்ய முடியாது என்றால் தனிச் செய்தியில், "படித்தேன், உங்களை நினைத்துக்கொண்டேன்" என்று எழுதினாலும் போதும்.

மின்னஞ்சல் சம்பவத்தை இங்கே எழுதியிருக்கிறீர்களே. அந்த இளைஞரிடம் கேட்டீர்களா?

கேட்டேன். இந்தப் பக்கத்தின் வரைவை அவருக்கு அனுப்பினேன். இப்போது வேறு இடத்தில் பொறுப்பான பதவியில் இருக்கிறார். இரண்டு வரிகளை அடித்துவிட்டு, ஓர் இடத்தில் நான் அவர் சொன்னதாக எழுதியிருந்ததைத் திருத்தி அனுப்பினார். "அனுப்பிவிடுங்கள்" என்று நான் சொன்ன வரிக்குப் பக்கத்தில், "இது இருக்கட்டும்" என்று குறித்திருந்தார்.